கருங்கண்ணி நூலில் மூன்று சுவர்த்துணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருங்கண்ணிப் பருத்தி நூலில் நெய்த மூன்று பெரிய துணிகளைக் கண்காட்சிகளில் மாட்டி வைக்கிறோம். முதலாவதில் சாயமே கிடையாது; பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ராட்டை நூல். இரண்டாவது அவுரி நீலம். நெய்து முடித்த பிறகு அங்கங்கே இழைகளை வெட்டி உருவியிருக்கிறோம். மூன்றாவதில் மேல்பாதிக்கு ஊடை ராட்டை நூல், கீழ்ப்பாதிக்கு ஆலை நூல், நடுவே ஒரு முழத்துக்கு ஊடையே இல்லாமல் பாவு மட்டும் தொங்கும். துணிக்குப் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் நான்தான் என்பதால் கேள்விகளும் என்னிடமே வருகின்றன. எந்த ஊரானாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

இது என்ன, புடவையா, ஜமுக்காளமா? சுவத்துல ஏன் மாட்டி வெச்சிருக்கீங்க?

பார்ப்பதற்காக நெய்தது. உடுத்தவோ விரிக்கவோ இல்லை. துணியைத் தொங்கவிட்டுப் பார்ப்பது நமக்கொன்றும் புதிதில்லை. தேரில் தொம்பை தொங்குகிறது, கோயில் மண்டபத்தில் விதானம் கட்டுகிறோம். தறியையே ஓவியப் பலகை போல எடுத்துக்கொண்டவர்களும் இந்தியாவில் இருக்கிறார்கள். மும்பையின் மோனிகா கொரியா 1960-களில் நெய்யத் தொடங்கியவர். பாவு இழைகளைச் சீராகப் பிரித்து வைக்கும் பண்ணையை நெசவின் நடுவிலேயே கழற்றிவிட்டு, இழைகளை அவற்றின் போக்கில் அலையவிட்டார். எங்கள் மூன்றாவது துணியின் வெற்றிடத்தைப் பார்த்து “முடிக்காம விட்டுட்டீங்களா?” என்று கேட்பவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவேன்.

கருங்கண்ணின்னா என்ன? பருத்தின்னா பருத்திதானே, அதுல என்ன வகை?

உலகம் முழுக்கப் பயிராகும் பருத்தி நான்கு இனங்களுக்குள் அடங்கும். ஆர்போரியம், ஹெர்பேசியம் இரண்டும் பழைய உலகத்துப் பருத்திகள், அதாவது ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்தவை. ஹிர்சூட்டம், பார்படென்ஸ் இரண்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நான்கையும் வெவ்வேறு இடத்து மக்கள் ஒருவரையொருவர் அறியாமலே பயிராக்கியிருக்கிறார்கள். பலுசிஸ்தானின் மெஹர்கரில் ஒரு செப்பு மணிக்குள் ஒட்டியிருந்த பருத்தி இழை கிடைத்தது. வயது ஏழாயிரம் ஆண்டுக்கு மேல். பெருவின் வாக்கா பிரியெட்டாவில் கிடைத்த பருத்தித் துணிக்கு வயது சுமார் 6,000 ஆண்டு. அந்தத் துணியில் அவுரி நீலம்கூட இருந்தது.

கருங்கண்ணி ஆர்போரியம் இனத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் கரிசல் மண்ணில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற மானாவாரிப் பயிர். இலை விரல் விரலாகப் பிளந்திருக்கும், காய் சிறியது, இழை குட்டை. இதே பக்கத்தில் விளைந்த உப்பம் பருத்தி ஹெர்பேசியம் இனம். உங்கள் சட்டை இன்று கடையில் வாங்கியதாக இருந்தால் அது அநேகமாக ஹிர்சூட்டம்.

அவ்வளவு நல்ல பருத்தின்னா ஏன் காணாமப் போச்சு?

நல்லது கெட்டது என்பதைவிட, யாருடைய இயந்திரத்துக்கு எது பொருந்தியது என்று பார்த்தால் விஷயம் புரியும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் அமெரிக்கப் பருத்தியின் நீள இழைக்கு ஏற்ப அமைந்தவை. 1794-இல் எலி விட்னி பருத்திக் கொட்டையை நீக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவிப்பது பெருகியது. அந்தப் பருத்தி மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்ததால் ஆலைகள் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டன. நம் குட்டை இழை ‘மட்டரகம்’ என்று பெயர் வாங்கியது அந்த அளவுகோலில்தான். அதே குட்டை இழையை இங்கே கையால் நூற்று எத்தனையோ நூற்றாண்டுகளாக உலகத்துக்கே விற்றிருக்கிறார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி இங்கேயே அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கப் பார்த்தது. 1840-களில் அமெரிக்கத் தோட்டக்காரர்களையே வரவழைத்தார்கள். கோயம்புத்தூரில் அந்தச் சோதனைப் பண்ணைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர், தென்னிந்தியத் தாவரங்களை வகைப்படுத்தியதற்காக இன்றும் பேசப்படும் ராபர்ட் வைட். முயற்சி அப்போது பெரிதாக எடுபடவில்லை. அப்புறம் 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயருக்குப் பஞ்சு வருவது நின்றுபோனது. அதுவரை மட்டமாக இருந்த திருநெல்வேலிப் பருத்திக்குத் திடீரென்று கிராக்கி. தூத்துக்குடித் துறைமுகம் நிரம்பி வழிந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது.

இத்தனைக்குப் பிறகும் 1947-இல் இந்தியாவின் பருத்திப் பரப்பில் சுமார் 97 சதவீதம் நாட்டு இனங்கள்தான். அவற்றைப் பின்னுக்குத் தள்ளியது பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த கதை. நீள இழைக்காக அரசே அமெரிக்க இனத்தை ஊக்குவித்தது. 1970-இல் குஜராத்தில் முதல் வீரிய ஒட்டு ரகம் வந்தது, 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது.

நூல் ஏன் திட்டுத் திட்டா இருக்கு? நடுவுல பழுப்புப் புள்ளி வேற. நல்லா நூத்திருக்கலாமே?

பழுப்புப் புள்ளி பருத்திச் சருகும் கொட்டைத் தோலும். வெளுத்தால் போய்விடும், நாங்கள் வெளுக்கவில்லை. திட்டு வருவது கையின் இழுப்பு மாறுவதால். கருங்கண்ணி இழை சுமார் 22 முதல் 25 மில்லிமீட்டர். வேகமாக இழுத்தால் அறுந்துபோகும், மெதுவாக இழுத்தால் தடிக்கும். முதல் துணிக்குப் பாவு நூலை இரண்டு இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டியிருந்தது. ஒற்றை இழை, பண்ணையின் உரசலுக்குத் தாங்காது.

ராட்டை நூல் என்றாலே முரடு என்றும் நினைக்க வேண்டாம். ஆந்திராவின் பொந்தூருவில் வாளைமீன் வகை ஒன்றின் தாடை எலும்பைச் சீப்பாக வைத்துப் பஞ்சைக் கோதி, 100-ஆம் நம்பர் வரை நூற்கிறார்கள். எங்கள் நூல் பெரும்பாலும் அம்பர் ராட்டையில் நூற்றது. பல கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும் அந்த ராட்டையை உருவாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன். பெயரின் நடுவிலிருந்துதான் அம்பர்.

40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அது என்ன கணக்கு?

ஒரு பவுண்டு எடையுள்ள நூலில், 840 கெஜ நீளமுள்ள சிட்டம் (நூல் கற்றை) எத்தனை இருக்கிறதோ அதுவே நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது. 40-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவை நீட்டிப் பிடித்தால் சுமார் 68 கிலோமீட்டர் போகும். எங்கள் ராட்டை நூல் அதைவிடத் தடிமன்.

ஒரு துணிக்கு ஏன் இவ்வளவு விலை? இதே சைஸ்ல பெட்ஷீட் ஐந்நூறு ரூபாய்க்கு வருதே.

வரும். ஆலை நூல், விசைத்தறி, ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை எல்லாம் சேர்ந்த விலை அது. இங்கே அதிக நேரம் தின்பது நெசவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் நூற்பதுதான். ராட்டையிலேயே நூற்ற காலத்தில் ஒரு தறிக்கு நூல் கொடுக்க நான்கைந்து பேராவது நூற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவர்களில் அநேகம் பேர் பெண்கள். புறநானூற்றுப் பாட்டொன்றில்கூடப் பஞ்சு நூற்கும் பெண் வருகிறாள். தறிக்காரர் படமும் பெயரும் பத்திரிகையில் வருகிறது, நூற்றவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. விலையில் பெரிய பங்கு அவர்களுக்குப் போகிறது.

நீலம் கையில ஒட்டுதே, சாயம் போயிடுமா?

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்புத் தண்ணீரில், வெல்லமோ வேகவைத்த தகரை விதையோ போட்டுத் தொட்டியைப் புளிக்கவைத்தால்தான் சாயம் கரையும். அப்போது அதன் நிறம் மஞ்சள் கலந்த பச்சை. நூலை முக்கி வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு நீலமாக மாறி, இழைக்குள் மறுபடி கரையாத துகளாக உட்கார்ந்துகொள்ளும். இழைக்குள் போகாமல் மேலோடு நின்ற துகள்தான் உங்கள் கையில் ஒட்டியது. முதல் சில அலசலில் அது போய்விடும். ஆழமான நீலம் வேண்டுமென்றால் பலமுறை முக்க வேண்டும். ஒரே முக்கில் கருநீலம் என்று யாராவது விற்றால், தொட்டியில் என்ன போட்டார்கள் என்று கேளுங்கள்.

கைத்தறின்னாலே சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

இல்லை. கண்காட்சியில் நான் அதிகம் வாதாடுவது இந்த இடத்தில்தான். தறி மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது, ஒரு குடும்பத்துக்கு வேலை கொடுக்கிறது, அவ்வளவுதான் அது தரும் உத்தரவாதம். தறிக்கு வரும் நூல் எங்கே விளைந்தது, எத்தனை முறை பூச்சிமருந்து குடித்தது, சாயத் தண்ணீர் எந்த ஆற்றில் கலந்தது என்பதெல்லாம் தறிக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோகிற கதை. இன்றைக்குப் பெரும்பாலான கைத்தறிகளில் ஓடுவது ஆலை நூல். ஆலைகள் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகவே கொடுக்க வேண்டும் என்று அரசு விதி போட்டிருப்பதும் கைத்தறிக்காகத்தான். அந்த நூல் இல்லாவிட்டால் தறிகள் நின்றுவிடும், அதனால் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘கைத்தறி’ என்ற முத்திரையைப் பார்த்ததும் விசாரிப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது துணி இதைச் சொல்லத்தான். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே தறியில் ஒரே நெசவாளர் நெய்தவை, இரண்டுமே நூற்றுக்கு நூறு கைத்தறி. கீழ்ப்பாதி நூலின் பஞ்சு எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று மட்டும் எங்களால் சொல்ல முடியாது.

ஒரு டீ-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணி ஆகும்னு படிச்சேன். அதுக்குப் பாலியஸ்டரே தேவலையே?

அந்த எண் உலகச் சராசரி. அதில் செடி குடித்த மழைத் தண்ணீரும் அடக்கம், கால்வாயில் திருப்பிவிட்ட ஆற்றுத் தண்ணீரும் அடக்கம். இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் பாதிக் கதை மறைந்துபோகும். மத்திய ஆசியாவின் அமு தரியா, சிர் தரியா ஆறுகளை 1960-களிலிருந்து பருத்திக்குத் திருப்பியதால் ஏரல் கடல் வற்றியது. அங்கே செலவான ஒவ்வொரு லிட்டரும் வேறொருவருடைய தண்ணீர். ஐப்பசி மழைக்கு விதைத்து, கரிசல் மண் பிடித்துவைத்த ஈரத்திலேயே விளையும் கருங்கண்ணி குடிப்பது, எப்படியும் அந்த நிலத்தில் பெய்யவிருந்த மழையை. மகசூல் குறைவுதான், அதை மறைக்கவில்லை.

விளைச்சலை மட்டும் பேசினாலும் போதாது. திருப்பூரில் சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. துவைக்கும்போதெல்லாம் நுண் இழைகளை உதிர்க்கும், மக்காது. தேவலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் இரண்டு பக்கமும் மிச்சம்.

ஆர்கானிக் சர்டிபிகேட் இருக்கா?

எங்கள் துணிக்கு இல்லை. சான்று வேண்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தியாவில் விளைச்சலுக்கு இரண்டு வழி இருக்கிறது. என்.பி.ஓ.பி. முறையில் வெளி நிறுவனம் வந்து ஆய்வு செய்யும். பி.ஜி.எஸ். முறையில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்ப்பார்கள். நூற்பு, சாயம், தையல் வரைக்கும் சேர்த்துப் பார்ப்பது ஜி.ஓ.டி.எஸ். வெறும் ‘ஆர்கானிக் காட்டன்’ என்ற அட்டை இந்த மூன்றில் எதையும் குறிக்காது.

பக்கத்து வயல்ல பி.டி. பருத்தி போட்டிருந்தா மகரந்தம் கலந்து உங்க கருங்கண்ணி கெட்டுடாதா?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் விவசாயக் குடும்பம். நான்கு இனம் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதில்தான் பதில் இருக்கிறது. கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், பி.டி. பருத்தியாக வருகிற அமெரிக்க இனத்துக்கு 52. இரண்டும் இயல்பாக ஒட்டாது. வலிந்து ஒட்டவைத்தாலும் பிறப்பது மலடு. அதனால் காற்றையும் தேனீயையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. உப்பம் போன்ற இன்னொரு நாட்டுப் பருத்தி பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும், அவற்றுக்கும் 26 தான்.

உண்மையான கலப்படம் கொட்டை நீக்கும் அரவை ஆலையில் நடக்கிறது. முந்தைய லோடின் பஞ்சும் கொட்டையும் இயந்திரத்தில் தங்கியிருக்கும். அப்படிக் கலந்த கொட்டையை அடுத்த வருஷம் விதைத்தால் வயலில் இரண்டு வகைச் செடியும் நிற்கும். இலையைப் பார்த்தே களைந்துவிடலாம். ஒட்டு ரகம் போல வருஷா வருஷம் விதை வாங்க வேண்டிய தேவையும் கருங்கண்ணிக்கு இல்லை.

கைத்தறியா விசைத்தறியான்னு பாத்தே கண்டுபிடிக்க முடியுமா?

எப்போதும் முடியாது. ‘கரையோரம் ஊசித் துளை இருந்தால் கைத்தறி’ என்பார்கள், விசைத்தறியிலும் துணியை இழுத்துப் பிடிக்கும் பல் துளை போடும். ஊடை அடர்த்தி இடத்துக்கு இடம் லேசாக மாறுவது நல்ல அடையாளம், ஆனால் தேர்ந்த நெசவாளர் துணியில் அதுகூடத் தெரியாது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரையைப் பாருங்கள், விற்பவரிடம் ஊரையும் தறியையும் விசாரியுங்கள். 1985 சட்டப்படி சில வகைத் துணிகளை விசைத்தறியில் நெய்வதே குற்றம். நடப்பது வேறு.

ரெண்டாவது துணி கிழிஞ்ச மாதிரி இருக்கே, ஏன் நூலை உருவினீங்க?

நைஜீரியாவின் கலபாரி மக்களிடம் கற்றது. சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணி, மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய மதிப்போடு புழங்கியது. கலபாரிப் பெண்கள் அதை அப்படியே உடுத்தாமல், குறிப்பிட்ட இழைகளைப் பிளேடால் வெட்டி உருவி, இருந்த கட்டத்துக்குள் புதுக் கோலம் ஒன்றை வரவழைத்தார்கள். பெலெத்தே பித்தே என்று அதற்குப் பெயர். நம் தறியில் பாதி, அவர்கள் கையில் பாதி என்று இரண்டு கடல் தாண்டி முடிந்த துணி அது. அந்தப் பெயரையும் ஊரையும் அட்டையில் எழுதிவிட்டுத்தான் மாட்டுகிறோம்.

அடிமை வியாபாரத்துல நம்ம துணி போச்சுன்னு அட்டையில எழுதியிருக்கீங்க. நம்மளையே ஏன் கேவலப்படுத்தணும்?

எழுதியது உண்மை. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்கில் துணிக்கே முதலிடம். அதில் பெரும்பங்கு இந்தியப் பருத்தித் துணி, சோழமண்டலக் கரையின் நீலத் துணியும் சேர்த்து. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் நீலத் துணி செனகலுக்குப் போய்க் கருவேலம் பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. அந்தப் பிசின் ஐரோப்பாவில் துணிக்கு அச்சுப் போட உதவியது. இங்கிலாந்தோ 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை மக்கள் உடுத்தவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, மறு ஏற்றுமதிக்கு மட்டும் நம் துணியை வாங்கிக்கொண்டே இருந்தது.

நெய்தவருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. முன்பணம் கொடுத்த தரகரும், நெய்து முடிக்க வேண்டிய கெடுவும்தான் அவர் கண்ட உலகம். அதனால் கேவலம் அவருக்கு இல்லை. பெருமையை மட்டும் எழுதி, துணி போய் இறங்கிய கரையை எழுதாமல் விட்டால் அந்த நீலத் துணிக்குப் பாதி வரலாறுதான் மிஞ்சும்.

வாங்கிட்டுப் போய் வீட்டுல மாட்டினா எப்படிப் பாத்துக்கறது?

நேர் வெயில் ஆகாது. அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் அளவுக்கு மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள். வீட்டில் அது நடக்காது, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்தால் போதும். கம்பளி போலப் பருத்தியை அந்துப்பூச்சி விரும்புவதில்லை. ஆனால் கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும், அதனால் கஞ்சியை அலசிவிட்டுத்தான் கொடுக்கிறோம். வெறும் கையால் தொடலாம், எண்ணெய்க் கை வேண்டாம்.

நூத்தவங்க, நெய்தவங்க, சாயம் போட்டவங்க எல்லாம் வேற. கலைஞர்னு உங்க பேரா?

நியாயமான குத்தல். இந்தச் சிக்கல் பழையது. 1950-களில் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கிய பிறகு கே.ஜி. சுப்ரமணியன், பிரபாகர் பர்வே போன்ற ஓவியர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஓவியர்கள் பெயர் கலை வரலாற்றில் இருக்கிறது, அவர்களோடு தறியில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

எங்கள் அட்டையில் நூற்றவர், சாயம் போட்டவர், நெய்தவர், வரைந்தவர் என்று அதே வரிசையில் ஒரே அளவு எழுத்தில் போடுகிறோம். கூலி மீட்டர் கணக்கில் கிடையாது, நாள் கணக்கு. இழையை உருவுகிற வேலைக்கு மீட்டர் எப்படிப் போடுவது? பெயர் வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. வழக்கமாக வேலை கொடுக்கும் முதலாளிக்கு, வெளியே நெய்து கொடுப்பது தெரிய வேண்டாம் என்பது ஒரு காரணம். அங்கே ‘பெயர் வேண்டாம் என்றார்’ என்றே எழுதியிருக்கிறோம்.

அப்போ விவசாயி பேர் மட்டும் ஏன் இல்ல?

பல காட்டுப் பருத்தி ஒரே அரவையில் சேர்ந்துவிடுகிறது, மேலே சொன்ன அதே இடத்தில். ஒருவருடைய பருத்தியைத் தனியாக அரைக்கச் சொன்னால், ஆலையை நிறுத்திச் சுத்தம் பண்ண வேண்டும். சில மூட்டைகளுக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். கையால் சுற்றும் சின்ன மணையில் கொட்டை நீக்கிப் பார்த்தோம். ஆகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. இந்தப் பருவத்தில் ஒரே காட்டுப் பருத்தியை எடுத்து அப்படியே நீக்கிக்கொண்டிருக்கிறோம். நாலாவது துணிக்குப் போதுமான நூல் வருமா என்பது தை, மாசியில் காய் வெடித்து எடுப்பு முடிந்தால்தான் தெரியும்.